பதினோராம் நோன்புப் புதினா

சுலைகா அக்காவிடம் புதினா கேட்டுப் போனால் உடனே கைக்கு வராது. கொத்தைக் கிள்ளுவாள். அதிலிருந்து ஓர் இலையைப் பறித்துத் தன் வாயில் போட்டு மெல்லுவாள். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். அப்புறம்தான் கொடுப்பாள். அடுப்பில் குருமா கொதித்துக்கொண்டிருக்க, நான் கால் மாற்றிக் கால் மாற்றி நின்று பொறுமையிழந்து போவேன்.

"என்னக்கா, நகைக்கடையில தங்கத்தை உரசிப் பாக்குற மாதிரிப் பாக்குற?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"நான் திங்காத எலையை அடுத்த வீட்டுக்குக் குடுக்க மாட்டேன் ஜெயா. அப்படியே பழகிப் போச்சு" என்றாள்.

எனக்குப் பெரியபட்டினத்தில் அஞ்சலகத்தில் வேலை. சொந்த ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம், மிளகாய் போடுகிற குடும்பம். வீட்டுக்காரருக்கு மதுரையில் உத்தியோகம், வாரக் கடைசியில்தான் முகம் காட்டுவார். ஒரு வயதுக் கைக்குழந்தையாக இருந்த சிநேகாவைத் தூக்கிக்கொண்டு நான் இந்தத் தெருவுக்குக் குடிவந்து ஆறு வருடமாகிறது. என் வீடும் சுலைகா அக்கா வீடும் ஒட்டினாற்போல் இருக்கும். மொட்டைமாடிகளுக்கு நடுவே இடுப்பளவு சுவர்தான். அதனால் அவள் வீட்டில் நடப்பது எனக்கும், என் வீட்டில் நடப்பது அவளுக்கும் தெரியாமல் இருந்ததில்லை.

அவளுக்குப் பிறந்த ஊர் வேதாளை. பத்தொன்பது வயதில் காஜா நவாஸுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். கல்யாணமான நாற்பதாம் நாள் அவர் வளைகுடாவுக்கு விமானம் ஏறினார். இருபத்து நான்கு வருடத் தாம்பத்தியத்தில் அவர் ஊரில் இருந்ததை எல்லாம் சேர்த்தால் நான்கு வருடம்கூடத் தேறாது. ஒரே மகள் சுஹாவும் கல்யாணமாகிக் கீழக்கரைக்குப் போய்விட்டாள். வீட்டில் பேச ஆளில்லாமல் செடியோடு பேச ஆரம்பித்தவள் இந்த அக்கா. மீன் வண்டிக்காரர்கள் தூக்கிப் போடும் தெர்மோகோல் பெட்டிகளைப் பாம்பன் பக்கமிருந்து கேட்டு வாங்கி வருவாள். அடியில் ஓட்டை போட்டு, மண்ணும் ஆட்டுப் புழுக்கையும் நிரப்பிப் புதினா நடுவாள். மழை பெய்து நாலு நாள் ஆனாலும் அந்தப் பெட்டிகளில் மீன் வாடை போகாது. நான் முகத்தைச் சுளித்தால், "அதுதான் அதுக்கு உரம்" என்பாள்.

போன வருடம் காஜா நவாஸ் அங்கே வேலை செய்த இடத்தில் லாரியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். போனில் அவர் முகத்தைப் பார்ப்பதும் அழுவதுமாக இருந்தவள், ஒருநாள் நிய்யத் வைத்தாள். மனிதர் நடந்து வீடு வந்து சேர்ந்தால், அடுத்த நோன்பு முப்பது நாளும் பள்ளிவாசல் கஞ்சிக்குத் தன் கையால் வளர்த்த புதினாவைக் கொடுப்பதாக வேண்டுதல். மார்கழியில் அவர் ஒரு காலை இழுத்தபடி நடந்தே வந்து சேர்ந்தார். அவள் முப்பத்தாறு பெட்டி புதினா நட்டாள். தினம் ஆறு பெட்டியில் நுனி கிள்ளினால், ஏழாம் நாள் முதல் பெட்டி மறுபடி தளிர்த்திருக்கும் என்பது அவள் திட்டம்.

நோன்புக்குப் பத்து நாள் இருக்கும்போது பேன் விழுந்தது. புத்தகத்தில் அசுவினி என்று எழுதியிருப்பார்கள், நாங்கள் சொல்வது பேன். இலையைத் திருப்பினால் பச்சைப் பச்சையாக அப்பிக்கொண்டிருந்தது. தளிரெல்லாம் சுருண்டு, இலைமேல் பிசுபிசுவென்று ஒரு பசை. அதை நக்க எறும்பு வரிசை வேறு.

"கடையில மருந்து வாங்கி அடிச்சா ஒரே நாள்ல போயிரும்" என்றார் காஜா நவாஸ்.

"ஊரே குடிக்கிற கஞ்சிக்குப் போற எலை. அந்தப் பேச்சே எடுக்காதீங்க" என்று அவர் வாயை அடைத்துவிட்டு என்னிடம் வந்தாள். விவசாயி மகள் என்று என்னை நம்பினாள், பாவம். நானும் பெரிய மேதாவி மாதிரி சொன்னேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு ஸ்பூன் வேப்பெண்ணெய், அது கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்பு, நன்றாகக் குலுக்கி இலையின் அடியில் படும்படி அடிக்க வேண்டும். எங்கள் ஊரில் அய்யா, என் அப்பா, வீட்டுக் கத்தரிக்கு இதைத்தான் அடிப்பார்.

எந்தத் தண்ணீர் என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊரில் அப்படிச் சொல்ல வேண்டிய தேவையே வந்ததில்லை.

இங்கே போர்த் தண்ணீர் உப்பு. குடிப்பதற்கு வண்டித் தண்ணீரைக் குடம் குடமாக வாங்கி வைத்திருப்போம், அதில் கை கழுவினாலே வீட்டில் சண்டை வரும். குடிக்கிற தண்ணீரைப் பேனுக்கு ஊற்றுவதா என்று அக்கா போர்த் தண்ணீரில் கலக்கியிருக்கிறாள். உப்புத் தண்ணீரில் சோப்பு கரையாமல் தயிர் மாதிரித் திரிந்துபோனது. எண்ணெய் தனியாக மேலே மிதந்தது. அதையும் விடாமல் துணியில் வடிகட்டி, காலை பத்து மணி வெயிலில் எட்டுப் பெட்டிக்கு அடித்துவிட்டாள். மூன்றாம் நாள் அந்த எட்டுப் பெட்டியும் ஓரம் கருகி உட்கார்ந்துவிட்டன. பேன் மட்டும் தண்டில் சொகுசாக இருந்தது.

என்னைத் திட்டுவாள் என்று பயந்தேன். திட்டவில்லை. கருகின இலையைக் கையில் வைத்துக்கொண்டு, "உங்க ஊரு தண்ணிக்குச் சொன்ன மருந்தை எங்க ஊரு தண்ணியில கலக்குனது என் தப்புதான்" என்றாள். எனக்கு அது திட்டைவிட மோசமாக இருந்தது.

அதற்குப் பிறகு அவள் குடிதண்ணீரில் தினம் இரண்டு குடத்தைச் செடிக்கென்று ஒதுக்கினாள். முதல் வேலையாக, விடிந்ததும் ஒவ்வொரு கொத்தையும் உள்ளங்கையில் கவிழ்த்துப் பிடித்து, அடியில் தண்ணீரைப் பீய்ச்சிப் பேனை உதிர்ப்பாள். உதிர்ந்தது மறுபடி ஏறாமல் பெட்டியைச் சுற்றி அடுப்புச் சாம்பல். ஒருநாள் விட்டு ஒருநாள், பூண்டும் இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்து ஒரு ராத்திரி ஊறவைத்து வடிகட்டி, வெயில் தாழ்ந்த பிறகு அடிப்பாள். நடுவில் ஒருநாள் புளித்த மோரில் பெருங்காயம். பறக்கிற வெள்ளை ஈக்கு, மஞ்சள் பிளாஸ்டிக் மூடியில் விளக்கெண்ணெய் தடவிக் குச்சியில் கட்டித் தொங்கவிட்டாள். மாடி முழுக்கப் பூண்டு நாற்றம். காயப் போட்ட என் சேலையெல்லாம் ஊறுகாய் வாசனை அடித்தது. மிளகாய்க் காந்தலில் அவள் விரல்கள் சிவந்து வீங்கியிருந்தன. ஆனால் பேன் குறைந்தது. பொறிவண்டுகள் வந்தன. புள்ளி போட்ட அந்தச் சிவப்பு வண்டு பேனைத் தின்னும் என்று நான் சொன்னதிலிருந்து, அவற்றை மாப்பிள்ளை வீட்டார் மாதிரிக் கவனித்தாள்.

நோன்பு பிறந்தது. மிச்சமிருந்த இருபத்தெட்டுப் பெட்டியைக் கொண்டே முதல் ஒன்பது நாளும் புதினா தவறாமல் போனது. நோன்பு வைத்திருப்பதால் இலையை மென்று பார்க்க முடியவில்லை. நாக்கில் வைத்துத் துப்பிவிடலாம், பெரிய குற்றமில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவள் கேட்கவில்லை. கண்ணால் பார்த்துக் கொடுத்தாள்.

பத்தாம் நாள், ஏற்கெனவே கிள்ளிய பெட்டிகளின் புதுத் தளிரில் மறுபடி பேன். இந்த முறை முன்னைவிட அதிகம். மொட்டை வெயிலில், தொண்டை வறண்டு, ஒவ்வோர் இலையாகத் துடைத்துக்கொண்டே அவள் அழுததை நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். காஜா நவாஸும் படிவாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள், பதினோராம் நோன்பு. நான் வேலை முடிந்து மூன்று மணிக்கு வந்து, துணி எடுக்க மாடிக்குப் போனேன்.

"ஜெயா, இங்கன வந்து பாரேன்!" அக்கா முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "ஒரு பேன் இல்ல. ஒண்ணுகூட இல்ல! நேத்துச் சாயங்காலம் அடிச்ச பூண்டுத் தண்ணி கேட்டிருச்சு. அல்ஹம்துலில்லாஹ். மத்தியானம் லுஹர் தொழப் போனப்பவே அவுக கையில ரெண்டு கட்டு குடுத்து விட்டுட்டேன்."

நானும் சுவரைத் தாண்டிப் போய் இலையைத் திருப்பிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. எனக்கும் சந்தோஷம்தான். குனிந்தபோது பெட்டி ஓரத்துச் சாம்பலில் எறும்புகள் செத்துக் கிடந்தன. ஒன்றிரண்டல்ல, கொத்துக் கொத்தாக. பக்கத்தில் பொறிவண்டுகள் மல்லாந்து கிடந்தன. ஒரு சிலந்தி, ஒரு தேனீ.

பூண்டுத் தண்ணீர் எறும்பைக் கொல்லாது. பூச்சியை விரட்டும், அவ்வளவுதான். நான் ஒரு தளிரைக் கசக்கி மூக்கருகில் கொண்டுபோனேன். பூண்டு வாசனைக்கு அடியில் இன்னொன்று இருந்தது. அய்யா மிளகாய்க் காட்டில் மருந்தடித்துவிட்டுச் சட்டையைக் கழற்றிப் போடும்போது வீட்டுக்குள் வருமே, அந்த வாடை. அந்த வாடையோடு எங்கள் சித்தப்பாவை ஒருமுறை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம்.

"அக்கா, இதுல மருந்து அடிச்சிருக்கு."

"நானா? நான் எங்க…" என்று தொடங்கியவள் நிறுத்திவிட்டாள். அப்படியே திரும்பிப் படியிறங்கினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

காஜா நவாஸ் கட்டிலில் படுத்திருந்தார். அவள் கேட்டதும் மறைக்கவில்லை. "நீ அழுகுறத பாக்க முடியல சுலைகா. சஹர் சாப்பாடு முடிஞ்சு நீ கண் அசந்த நேரத்துல அடிச்சேன். மொளகாய்க்கு எல்லாரும் அடிக்கிறதுதான். நல்லாக் கழுவிட்டாப் போதும்னு கடைக்காரன் சொன்னான்" என்று கட்டிலுக்கு அடியிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். லேபிளில் கடும் விஷம் என்று காட்டும் சிவப்பு முக்கோணம். அதற்குக் கீழே, அடித்த பிறகு இத்தனை நாள் பறிக்கக் கூடாது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. இது அன்று விடியக்காலம் அடித்தது.

பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுவது ஜாபர் சாதிக் காக்கா; அண்ணனை இங்கே காக்கா என்பார்கள். அவருக்குப் போன் போட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடுப்புப் பக்கம் நிற்கும்போது அவர் போனைத் தொட மாட்டார் என்று ஊருக்கே தெரியும். சாயங்கால அஸர் தொழுகை முடிந்தால் கஞ்சி ஊற்றத் தொடங்கிவிடுவார்கள். எந்த வீட்டுக்கு, எந்தச் சாதிக்கு என்ற கணக்கெல்லாம் கிடையாது, தூக்கு நீட்டியவருக்கெல்லாம் உண்டு. நோன்பு வைக்காத சின்னப் பிள்ளைகள் வாங்கின இடத்திலேயே குடிப்பார்கள்.

ஓடினோம். அக்கா செருப்புப் போடவில்லை. புர்காவின் பொத்தான் பாதி திறந்து கிடந்தது. பொதுவாகத் தெருவில் அவள் நடப்பதே தெரியாது, அவ்வளவு அடக்கம். அன்று வழியில் நின்றிருந்த சைக்கிளைத் தள்ளிவிட்டுப் போனாள். பாதி வழியில் அஸர் பாங்கு சொல்லிவிட்டார்கள். பக்கவாசலில் பெண்கள் தூக்குகளோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். பெண்கள் அந்த வாசலைத் தாண்டி உள்ளே போவதில்லை. அக்கா தாண்டிப் போனாள்.

"காக்கா, ஊத்தாதீங்க! புதினாவைப் போட்டுட்டீங்களா?"

ஜாபர் காக்கா கரண்டியோடு திரும்பினார். "போட்டாச்சே. ஏன்? கஞ்சி தயாரு."

"அதுல மருந்து இருக்கு. பூச்சி மருந்து. தெரியாமக் குடுத்துட்டேன்."

அவர் குரலைத் தாழ்த்தி, "மூணு தண்ணியில கழுவித்தான் போட்டேன். கொதிச்சும் போச்சு. இவ்வளவு பெரிய அண்டாவுக்கு ரெண்டு கட்டு எலை. ஒண்ணும் செய்யாது. இதை நம்பித்தானே இத்தனை வீடு இருக்கு. சத்தம் போடாமப் போங்க" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. மத்தியானத்திலிருந்து அனலில் நின்று காய்ச்சிய கஞ்சி அது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன் என்று இன்றைக்குத் தோன்றுகிறது.

"யாருக்காவது ஊத்திட்டீங்களா?" என்று கேட்டாள் அக்கா.

"இன்னும் இல்ல. இந்தப் போஸ்டாபீஸ் அம்மா மகளுக்கு மட்டும் டிபன் பாக்ஸ்ல ஒரு கரண்டி. பள்ளிக்கூடம் விட்டு நேரா வந்துச்சு. அந்தா, மதிலுக்குப் பின்னாடிதான் போச்சு."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அக்காதான் ஓடினாள். நான் மதிலைத் திரும்பும்போது, டிபன் பாக்ஸ் மண்ணில் உருண்டு கிடந்தது. சிநேகா வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். அவள் வாய்க்குள் விரலை விட்டு அக்கா துழாவிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை வாய் குடிச்ச? சொல்லு தங்கம், எத்தனை வாய்?"

"ரெண்டு ஸ்பூன்தான். சூடா இருந்துச்சு. ஊதிக்கிட்டு இருந்தேன்."

நான் அக்காவைப் பிடித்துத் தள்ளிவிட்டுப் பிள்ளையைத் தூக்கினேன். அந்த நேரம் காலை இழுத்துக்கொண்டே காஜா நவாஸ் ஆட்டோவில் வந்து சேர்ந்தார், கையில் அந்தப் பாட்டில். "டாக்டரம்மா மருந்துப் பேரக் கேக்கும்" என்றார். அந்த ஆட்டோவிலேயே சுகாதார நிலையத்துக்குப் போனோம். வழியெல்லாம் அவரைப் பார்க்காமல் பிள்ளையின் கண்மணியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கே நடந்ததைத்தான் நான் பார்த்தேன். பள்ளிவாசலில் நடந்தது மற்றவர்கள் சொல்லிக் கேட்டது. அக்கா திரும்பிப் போய் அண்டாவுக்கு முன்னால் நின்றுகொண்டாளாம். தொழுகை முடிந்து ஆண்கள் வெளியே வந்ததும், அத்தனை பேர் முன்னாலும் சத்தமாகச் சொன்னாளாம். யார் அடித்தது என்று கேட்டதற்கு, "என் மாடியில நடந்தது. நான்தான் பொறுப்பு. கஞ்சியைக் கொட்டுங்க" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். தொழுகை நடத்தும் ஆலிம்சா கொட்டச் சொல்லிவிட்டார். ஆடு, நாய் குடித்துவிடக் கூடாதென்று குழி வெட்டி ஊற்றி மண்ணைப் போட்டு மூடினார்கள். இன்றைக்குக் கஞ்சி இல்லை என்று மைக்கில் அறிவித்தார்கள். தெரு முழுக்க அன்று பேரீச்சம்பழமும் தண்ணீரும்தான்.

டாக்டர் சிநேகாவைச் சாயங்காலம்வரை படுக்க வைத்துப் பார்த்தார். வாந்தி இல்லை, மயக்கம் இல்லை. மகரிப் பாங்கு சொல்லும்போது அக்கா வார்டு வாசலில் வந்து நின்றாள். நோன்பு திறக்காமல் நின்றாள். அரை மணி நேரம் கழித்து, "பிள்ளைக்கு ஒண்ணுமில்ல, கூட்டிட்டுப் போங்க" என்று நர்ஸ் சொன்ன பிறகுதான், வராந்தாக் குழாயில் கையேந்தித் தண்ணீர் குடித்தாள். என்னிடம் ஏதோ சொல்ல வந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆறு வருடப் பழக்கம் எனக்கு அப்போது ஒரு பொருட்டாக இல்லை. என் பிள்ளைக்கு விஷம் கொடுத்தவளாகத்தான் அவள் தெரிந்தாள்.

மறுநாள் நான் விடுப்பு. காலையிலிருந்து மாடியில் பெட்டிகளை இழுக்கும் சத்தம் கேட்டது. எல்லாச் செடியையும் வேரோடு பிடுங்கி, மண்ணைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். முப்பது நாள் என்று வைத்த நிய்யத் பதினோராம் நாளோடு முறிந்துபோனது. எனக்குத் தெரியும், அவளுக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று. ஆனாலும் நான் போய்ப் பேசவில்லை. லுஹர் தொழுகைக்குப் பிறகு காஜா நவாஸ் தானே எழுந்து நின்று, மருந்தடித்தது நான்தான் என்று ஜமாத்தில் சொன்னாராம். அதையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

இரண்டு மணிக்கு மேல் ஜாபர் காக்கா எங்கள் பொதுவாசலில் வந்து நின்று கூப்பிட்டார். கையில் ஒரு பை. சத்தம் கேட்டு நானும் வெளியே வந்தேன்.

"இனிமே புதினா வெளியில வாங்கிக்கிறதுன்னு பேசியாச்சும்மா" என்று அக்காவிடம் சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் போகவில்லை. பையிலிருந்து இரண்டு கட்டுப் புதினாவை எடுத்து நீட்டினார். நல்ல கொழுத்த இலை, ஒரு பொத்தல் இல்லை.

"நேத்து நான் ஊத்தியிருப்பேன். நீங்க இல்லைன்னா ஊத்தியேதான் இருப்பேன். ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல. இத ஒரு தடவை பாத்துச் சொல்லிருங்க, அப்புறம் அண்டாவுல போடுறேன்."

"நானா?" என்றாள்.

"வேற யாருகிட்டப் போயி நான் கேக்க?"

அக்கா கட்டை வாங்கினாள். இலையை இலையாகத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றைக் கசக்கி மூக்கருகில் வைத்தாள். எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். அந்தக் கட்டை என் பக்கம் நீட்டினாள். நேற்றிலிருந்து நாங்கள் ஒருவரையொருவர் நேராகப் பார்த்தது அப்போதுதான்.

நான் மோந்து பார்த்தேன். மாடியில் அடித்த அதே மருந்து வாடை. இன்னொரு முறை மோந்து பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அவள்மேல் இருந்த கோபம் அந்த இடத்திலேயே வடிந்துபோனது. அது போன இடத்தில் ஒரு பயம் வந்து உட்கார்ந்தது.

"காக்கா, இத எங்கன வாங்குனீங்க?" என்று கேட்டேன்.

"எப்பவும் வாங்குற ஆளுகிட்டதான்" என்றார் அவர். "இந்த வருசம்தானே இவுக குடுத்தாக. அதுக்கு முந்தி எல்லா வருசமும் கஞ்சிக்கு அந்த ஆளுதான்."

அக்கா கட்டைப் பைக்குள் திருப்பி வைத்தாள். "இன்னைக்குப் புதினா இல்லாமக் காய்ச்சுங்க காக்கா" என்றாள்.

உள்ளே சிநேகா, இன்றைக்குக் கஞ்சி உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறு வருடமாக ஒவ்வொரு நோன்புக்கும் அந்த அண்டாவிலிருந்துதான் அவளுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன், புதினா வாசனை நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி.